லெட்டர் வீடு

லோகநாதர் அவென்யூ பதினாலாம் நம்பர் வீட்டில் முந்நூற்று நாற்பது பேர் குடியிருந்தார்கள். அரசாங்கத்தின் எந்தக் கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நேரில் போனால் கீழே இரண்டு அறை, மேலே ஓர் அறை, பின்னால் ஒரு முருங்கை மரம், ஓய்வுபெற்ற தபால்காரர் ஆல்பர்ட், அவர் மனைவி ஸ்டெல்லா. அவ்வளவுதான்.

வாசலை ஒட்டி ஒரு பஸ் நிறுத்தம். கண்ணாடிச் சுவர், ஏ.சி., குடிதண்ணீர்க் குழாய், அடுத்த பஸ்ஸில் எத்தனை பேர் ஏறப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே காட்டும் பலகை என்று சகல வசதியும் உண்டு. நான்கு நிமிடத்துக்கு ஒரு பஸ் வந்து நின்றது. பலகை முப்பத்தெட்டு என்றது. ஏறியது பூஜ்யம். கதவு திறந்து, மூடி, பஸ் போய்விட்டது. ஆல்பர்ட் மட்டும் மத்தியான வெயிலுக்கு அங்கே வந்து உட்கார்ந்து, சும்மா கிடைக்கிற குளிரில் பேப்பர் படித்தார். கண்ணாடியின் உள்பக்கம் ஒரு வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கரையும் ஒட்டிவைத்திருந்தார். இத்தனை வசதியைக் கொடுத்தவளுக்கு ஒரு நன்றி.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஆபீஸ் வேன் சுகுணாவை அந்த வாசலில் இறக்கிவிடும். அவள் கேட்டைத் தொட்டபடி, கைப்பையில் சாவி தேடுகிறவளைப்போல நிற்பாள். வேன் முனை திரும்பியதும் பையை மூடிக்கொண்டு இரண்டு தெரு நடந்து ஷேர் ஆட்டோ பிடிப்பாள். பதினோரு வருஷமாகத் தேடுகிறாள், அந்தச் சாவி கிடைத்தபாடில்லை. அவள் வீடு அங்கிருந்து இருபத்தைந்து நிமிடத் தூரத்தில், எண்ணெய்க்கிடங்கின் பின்புறம், பீப்பாய்க்காரன் தெருவில் இருந்தது.

அந்தத் தெருவுக்கு மூன்று தலைமுறையாக ஒரே பிழைப்பு, கிடங்கிலிருந்து வரும் எண்ணெய்ப் பீப்பாய்களைக் காஸ்டிக் சோடா போட்டுக் கழுவிக் கொடுப்பது. வீட்டுக்கு வீடு வாசலில் பீப்பாய்கள் அடுக்கியிருக்கும். சட்டையில், தலைமுடியில், சாப்பாட்டில் அந்த வாடை இருக்கும். படித்துவிட்டு வேலைக்கு மனுப்போட்டால், "பீப்பாய்க்காரன் தெருவா?" என்று ஒரு தடவை கேட்பார்கள். அப்புறம் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காது. ஆஸ்பத்திரியில் வெளியே உட்காரச் சொல்வார்கள். செல்போனில் சாப்பாடு வரவழைத்தால் அந்த ஏரியாவுக்கு வருவதில்லை என்று பதில் வரும்.

அதனால் தெருக்காரர்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது வந்ததும் அதற்கு ஒரு லெட்டர் வீடு பார்த்துக் கொடுப்பார்கள். காது குத்துவது, பெயர் வைப்பதுபோல அதுவும் ஒரு சடங்காகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் படிப்பு, வேலை, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் அந்த வீட்டு முகவரிதான். இப்படி நாலைந்து வீடுகள் இருந்தாலும் ஆல்பர்ட் வீட்டுக்குத்தான் மவுசு. பொங்கலுக்கு ஒரு கூடை நண்டு வந்தால் மனிதர் குளிர்ந்துவிடுவார். விசாரிக்க எந்த அதிகாரி வந்தாலும், "ஆமா சார், மாடியிலதான் இருக்காங்க. இப்பதான் வெளிய போனாங்க" என்பார். நாற்பது வருஷமாக முந்நூற்று நாற்பது பேரும் இப்போதுதான் வெளியே போயிருந்தார்கள்.

சுகுணா வேலை பார்த்தது நகர வளர்ச்சிக் கணிப்பு மையத்தில். அங்கே வளரி என்று ஒன்று இருந்தது. ஊரை நூறு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டம் பெருகும், எந்தக் கட்டம் தேயும் என்று பத்து வருஷத்துக்கு முன்கூட்டியே சொல்லும் கணக்கு அது. தேயப்போகிற கட்டத்துக்கு எதற்குத் தண்ணீரும் பஸ்ஸும்? ஆகவே அதற்கு 'ஓய்வு' கொடுப்பார்கள். குழாயை அடைப்பார்கள், தெருவிளக்கைக் கழற்றுவார்கள், சுகாதார நிலையத்தைப் பூட்டுவார்கள். அங்கே மிச்சமாகும் எல்லாம் பெருகப்போகிற கட்டத்துக்குப் போய்விடும். ஓய்வு கொடுத்த ஆறாவது மாதம் சுகுணா போய், கட்டம் காலியாகிவிட்டதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வர வேண்டும். எப்போதும் காலியாகத்தான் இருந்தது. வளரியின் கணிப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரி என்று மையத்தின் வாசலில் பெரிதாக எழுதிவைத்திருந்தார்கள். அந்த எண்ணில் தன் கால்தேய்மானமும் இருக்கிறது என்று சுகுணாவுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஐப்பசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, அடுத்த ஓய்வுப் பட்டியல் அவள் மேசைக்கு வந்தது. ஏழாவது வரி: பீப்பாய்க்காரன் தெரு. மக்கள் தொகை அறுபத்தொன்று, பெரும்பாலும் முதியோர். ஓய்வு தொடங்க இன்னும் பன்னிரண்டு நாள்.

சுகுணா அந்த வரியை மூன்று தடவை படித்தாள். அவள் வீட்டில் மட்டும் அக்கா அஞ்சலை, அக்கா மகள் மோனிஷா, அவள் என்று மூன்று பேர். தெருவில் தொள்ளாயிரம் பேருக்குக் குறையாது. எழுந்து நேராக ஜெயசீலன் அறைக்குப் போனாள்.

ஜெயசீலன்தான் வளரியை உருவாக்கியவர். கணக்குப் பேராசிரியராக இருந்தவர். கீழே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்கிற ரகம். அவரை வெறுக்க முடிந்திருந்தால் இந்தக் கதையே கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"சார், இந்த ஏழாவது கட்டம். அறுபத்தோரு பேர்னு போட்டிருக்கு. சரியா இருக்குமா?"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க. அங்க பொறந்தவங்க ஆயிரத்துச் சொச்சம் பேர். படிக்கற வயசுலயே ஒவ்வொருத்தரா வெளிய போயிட்டாங்க. முக்காவாசிப் பேர் இந்தப் பக்கம்." அவர் விரல் திரையில் ஊர்ந்து, வெளிச்சமாக மின்னிய ஒரு புள்ளியில் நின்றது. லோகநாதர் அவென்யூ. "ஒரு இடம் சுருங்கும், ஒரு இடம் விரியும். ஊர் மூச்சு விடறது இப்படித்தான் சுகுணா. அட, உங்க வீடு அங்கதானே?"

"ஆமா சார்" என்றாள். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. பழக்கம்.

"ஒருவேளை அவங்க போகவே இல்லன்னா? வெறும் முகவரி மட்டும் மாத்திக் குடுத்திருந்தா?" என்று அவளே தொடர்ந்து கேட்டாள்.

"எதுக்குக் குடுக்கணும்?" அவர் உண்மையாகவே புரியாமல் கேட்டார். இதற்குப் பதில் தெரியாத இடத்தில்தான் அவர் பிறந்து வளர்ந்திருந்தார்.

"சும்மா கேட்டேன் சார். அப்படி இருந்தா என்ன பண்றது?"

"இருப்புப் பதிவுன்னு ஒண்ணு இருக்கு. அங்க குடியிருக்கறவங்க, 'நான் இங்கதான் இருக்கேன், எப்பவும் இங்கதான் இருந்தேன்'னு விரல் வைக்கணும். ஓய்வு தொடங்கறதுக்கு முன்னால இருநூத்தம்பது பேர் வச்சாங்கன்னா வளரி மறுபடி கணக்குப் போடும். இதுவரைக்கும் எந்தக் கட்டத்துலயும் யாரும் வரலை. காலியான இடத்துலேர்ந்து யார் வருவாங்க?"

தன் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவளுக்குப் போன வருஷம் பார்த்த ஒரு வீடு நினைவுக்கு வந்தது. கேணிமேடு என்ற கட்டம். காலி வீட்டின் சுவரில் ஏதோ ஒரு குழந்தையின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு தேதி எழுதியிருந்தார்கள். கடைசித் தேதி, அங்கே தண்ணீரை நிறுத்தி ஐந்து வாரம் கழிந்த ஒரு நாள். அதை அன்றைக்கும் அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு 'காலி' என்று குறித்தாள். அவர்கள் போகப்போவதால் தண்ணீர் நிற்கவில்லை, தண்ணீர் நின்றதால் போனார்கள் என்பது அன்று ஏன் மண்டையில் ஏறவில்லை? ஏறியிருந்தால் அந்த வேலையில் இருந்திருக்க முடியாது. அதனால் ஏறவில்லை. தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருக்காரர்கள் எல்லோரும் பீப்பாய் அடுக்கும் களத்தில் கூடினார்கள். தெருச் சங்கத் தலைவர் பன்னீர், கிடங்கில் கிரேன் ஓட்டியவர். ஒரு பீப்பாய்மேல் ஏறி நின்று, "நம்ப சுகுணா இன்னாவோ சொல்லணுமாம். சத்தம் போடாம கேளுங்கோ" என்றார்.

சுகுணா சொன்னாள். ஓய்வு என்றால் என்ன, பன்னிரண்டு நாளில் ஐந்து போய்விட்டது, இருநூற்றைம்பது விரல் வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"இம்மாம் பேரு இங்க கீறோம், காலின்னு எந்த கம்னாட்டி சொன்னான்?"

"நாமதாண்டா சொன்னோம்" என்றார் பன்னீர். "நாப்பது வருசமா லெட்டர் வூட்ல கீறோம்னு சொல்லிக்கினு வர்றோமே. அத்த நம்பிட்டான்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரை ஏமாற்றியதில் அவர்களுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்து வந்தது. அது இப்படித் திரும்பி வந்து நிற்கும் என்று யார் நினைத்தார்கள்?

ஒரு பெண் கேட்டாள். "இந்த அட்ரஸ சொல்லிட்டா என் பையன் வேலை இன்னாத்துக்கு ஆவறது? பேங்க்ல கீறான். நாளைக்கே தொரத்திட மாட்டானா?"

அதைத்தான் எல்லோரும் கேட்க நினைத்தார்கள். கூட்டத்தின் நடுவில் மோனிஷா நின்றிருந்தாள். இருபத்திரண்டு வயது. கப்பல் வடிவமைப்புக் கம்பெனி ஒன்றில் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது, லோகநாதர் அவென்யூ பதினாலுக்கு. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர வேண்டும். பீப்பாய்க்காரன் தெருவிலிருந்து முதன்முதலாகக் கப்பல் படம் வரையப் போகிறவள். அஞ்சலை அந்த ஆர்டரை ஒரு மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

"சித்தி, கம்பெனிக்குத் தெரிஞ்சிடாதா?"

சுகுணா மகளைப்போல வளர்த்த பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். "தெரியாதுடி. பதிவு பண்ற அட்ரஸ எந்தக் கம்பெனியும் பாக்க முடியாது. அதுக்குச் சட்டம் கீது. நான் அங்கதானே வேலை செய்றேன்? எனக்குத் தெரியும்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்."

அந்தச் சட்டம் நிஜமாகவே இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் தனக்குத் தெரிந்தது எவ்வளவு என்று அவள் அப்போது அளந்து பார்க்கவில்லை.

"யாரும் முன்னாடி வர வேணாம். நான் வைக்கிறேன் முதல்ல" என்று சொல்லிவிட்டு, ஆபீஸிலிருந்து கொண்டுவந்த கையடக்கக் கருவியில் சுகுணா விரலை வைத்தாள். பதினோரு வருஷமாக ஆபீஸில் காத்த ரகசியம் ஒரு நொடியில் போயிற்று. அடுத்து பன்னீர். அதற்கடுத்து அஞ்சலை, மோனிஷாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். சாயங்காலம் இருட்டுவதற்குள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் வைத்துவிட்டார்கள்.

புதன்கிழமை வளரி மறுகணக்குப் போட்டது. ஓய்வுப் பட்டியலில் ஏழாவது வரி இல்லை. வெள்ளிக்கிழமை தண்ணீர் வாரியத்தின் ஆட்கள் வந்து புதுக் குழாய் போட்டார்கள். லாரித் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்தே பழகிய தெருவில், குழாயைத் திறந்ததும் குபுகுபுவென்று நல்ல தண்ணீர் கொட்டியது. பிள்ளைகள் அதில் நனைந்து ஆட்டம் போட்டன. பன்னீர் பட்டாசு வெடித்தார். அஞ்சலை தங்கச்சியைக் கட்டிக்கொண்டு அழுதாள். சுகுணாவும் அழுதாள். வாழ்க்கையில் ஒரு தடவையாவது உருப்படியாக ஒன்று செய்தோம் என்று நினைத்தாள்.

அன்று மாலை ஆல்பர்ட் போன் செய்தார். "என்னம்மா பண்ணீங்க எல்லாரும்? பஸ் ஸ்டாப்பப் பேத்து எடுத்துட்டுப் போறான். மாதா படத்தோட தூக்கிட்டான். என் ஏ.சி. போச்சு. அதுவாவது பரவால்ல, ஆபீசருங்க வந்து, இங்க ரெண்டே பேர்தான்னு எங்கிட்ட எழுதி வாங்கிட்டாங்க. இனிமே யாரையும் மாடியில வச்சுக்க முடியாதும்மா எனக்கு."

இருபத்தாறாம் தேதி மோனிஷாவின் செல்போனுக்குச் செய்தி வந்தது. 'தங்கள் நகர்வுக் குறி 4. எங்கள் பணிக்குக் குறைந்தபட்சம் 60 தேவை. நியமனம் ரத்து செய்யப்படுகிறது.' அவ்வளவுதான். காரணம் இல்லை, கையெழுத்து இல்லை.

மோனிஷா கத்தவில்லை. செல்போனைச் சித்தியின் கையில் கொடுத்துவிட்டு, "நகர்வுக் குறின்னா இன்னா சித்தி?" என்று மட்டும் கேட்டாள்.

சுகுணாவுக்குத் தெரியவில்லை. அப்படி ஒன்றை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அதே வாரத்தில் பேங்கில் இருந்த பையனுக்கு வேலை போயிற்று. நர்சிங் படித்த இருவருக்குப் பயிற்சி இடம் போயிற்று. ஐந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பியது. எல்லாச் செய்தியிலும் அதே இரண்டு சொல். எண் மட்டும் மூன்று, நான்கு, ஐந்து என்று மாறியது. தெருவில் யாரும் அவளை ஏசவில்லை. பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஏசியிருந்தால் தேவலை.

ஜெயசீலன் அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"நீங்க அந்தத் தெருன்னு எனக்குத் தெரியாது சுகுணா. சொல்லியிருக்கலாம்."

"கம்பெனிக்கு முகவரி போகாதுன்னு சட்டம் இருக்கே சார்?"

"போகலையே. முகவரி போகவே இல்லை. ஒருத்தர் எந்த அளவுக்கு மேல வருவார்னு ஒரு எண், அது மட்டும்தான் போகுது. நாலு வருஷமா நாமதான் அனுப்பறோம். மேல்மாடியில இருக்கற பிரிவு. களத்துல இருக்கற உங்களுக்குச் சொல்லத் தேவை வரலை." அவர் கொஞ்சம் தயங்கினார். "கட்டம் தானா வளராது. மனுஷங்க நகர்ந்தாத்தான் ஊர் வளரும். அதனால யார் நகருவாங்கன்னும் வளரி பாக்கும். அவங்க பொறந்த இடத்துலேர்ந்து இதுவரைக்கும் யாரெல்லாம் எங்கெங்க போனாங்கன்னு வச்சுத்தான் சொல்லும்."

"சரி. எங்களுக்கு ஏன் நாலு?"

"உங்களுக்கு முந்தி எவ்வளவு இருந்தது தெரியுமா? எண்பத்தொண்ணு. வளரிக்கு ரொம்பப் பிடிச்ச தெரு சுகுணா அது. அங்க பொறந்தவங்க எல்லாம் படிச்சாங்க, வெளிய போனாங்க, நல்ல ஏரியால குடியேறினாங்க, வேலைக்குப் போனாங்க. நாப்பது வருஷமா ஒரே சீரா. இப்ப நீங்க அறுநூறு பேர் வந்து, நாங்க யாரும் எங்கேயும் போகல, எப்பவும் இங்கதான் இருந்தோம்னு விரல் வச்சிருக்கீங்க."

"நாங்க படிச்சது நிஜம் சார். வேலைக்குப் போனது நிஜம்."

"அதெல்லாம் லோகநாதர் அவென்யூ ஆளுங்க பேர்ல இருக்கு. அந்த வீட்டுல இப்ப ரெண்டே பேர்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. ஆளில்லாத வரிய வளரி அழிச்சிடும்." அவர் குரல் இறங்கிவிட்டது. "உங்க தெருவைப் பொறுத்தவரை அதுகிட்ட இப்ப இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். நாப்பது வருஷத்துல ஒருத்தர்கூட அங்கேர்ந்து நகரலை."

"பழையபடி மாத்திடுங்க."

"ரெண்டாவது தடவை மாத்தினா பொய்னு எடுத்துக்கும். குறி பூஜ்யமாயிடும்."

"அது தப்பாச் சொல்லுது சார்!" சுகுணா மேசையைத் தட்டிவிட்டாள். வெளியே நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "என் அக்கா பொண்ணு கப்பல் வரைவா சார். நீங்க வந்து பாருங்க, சுவரெல்லாம் வரஞ்சு வச்சிருக்கா. அவளுக்குப் போய் நாலுன்னு சொல்றது தப்பு."

ஜெயசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள்.

"இப்ப தப்புதான்" என்றார். "ரெண்டு வருஷம் போகட்டும். தொண்ணூத்தேழு சதவீதம் சரியா இருக்கும்."

மார்கழி பிறந்ததும் பீப்பாய்க்காரன் தெரு முனையில் ஒரு பஸ் நிறுத்தம் வந்து இறங்கியது. கண்ணாடிச் சுவர், ஏ.சி., குடிதண்ணீர்க் குழாய். கண்ணாடியின் உள்பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா. தெருவுக்குப் புது விளக்குப் போட்டார்கள், சுகாதார நிலையம் கட்டினார்கள். இனி இந்தத் தெரு எந்தக் காலத்திலும் காலியாகாது என்று வளரி நூற்றுக்கு நூறு உறுதியாகச் சொல்லியிருந்ததால் எதற்கும் குறைவில்லை.

தபால்காரரும் வந்தார். கதவு எண் கேட்டார். யாருக்கும் அவரவர் கதவு எண் தெரியவில்லை. நாற்பது வருஷத்தில் அந்தத் தெருவுக்குக் கடிதமே வந்ததில்லையே. பீப்பாய்க்காரன் தெரு என்று உறையில் எழுதி வந்த முதல் கடிதம் மோனிஷாவுக்கு. பன்னீர் அதை வாங்கி எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். எண்ணெய்க்கிடங்கு, பீப்பாய் கழுவும் பிரிவு, மேற்பார்வையாளர். 'தங்கள் இருப்பிடத்துக்கு அருகிலேயே, தங்கள் நலன் கருதி.' இரண்டாவது கடிதம் சுகுணாவுக்கு. மையத்திலிருந்து மாற்றல். இனி அவளுக்கு இந்த ஒரே கட்டம்தான். தினம் காலை பஸ்ஸில் ஏறுகிறவர்களை எண்ணி, கணிப்பு சரியா என்று குறித்துவிட்டு, அதே பஸ்ஸில் கிடங்குக்குப் போய் அங்கே இறங்குகிறவர்களையும் எண்ண வேண்டும்.

முதல் நாள் பஸ்ஸுக்குச் சங்கத்தின் சார்பில் மாலை போட்டார்கள். பஸ்ஸின் முன்பலகையில் இரண்டே இரண்டு பெயர்தான் இருந்தது. பீப்பாய்க்காரன் தெரு, எண்ணெய்க்கிடங்கு வாசல்.

"நடுவுல எங்கியும் நிக்காதா?" என்று பன்னீர் கேட்டார்.

"இந்தத் தெருவுக்கு வேற எங்க போவணும்னு கம்ப்யூட்டர்ல ஒண்ணும் போடலிங்களே" என்றார் டிரைவர். "நாலு நிமிசத்துக்கு ஒண்ணு விடறோம், அத்தப் பாருங்க."

நிறுத்தத்துப் பலகையில் எதிர்பார்க்கும் பயணிகள் 41 என்று இருந்தது. சுகுணா கருவியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டோரம் நின்று எண்ணினாள். பேங்கில் இருந்த பையன் ஏறினான். நர்சிங் படித்த இருவரும் ஏறினார்கள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பதாவதாக மோனிஷா ஏறினாள். ஆபீஸுக்குப் போட்டுக்கொள்ள வாங்கிய புதுச் சுடிதாரைத்தான் போட்டிருந்தாள். வேறு நல்லது அவளிடம் இல்லை.

அதோடு வரிசை முடிந்தது. தெருவில் வேறு யாரும் வரவில்லை. நாற்பது. சுகுணா பலகையைப் பார்த்தாள். நாற்பத்தொன்று. மறுபடி உள்ளே எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணினாள். நாற்பதுதான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்பு! முதல் நாளே தப்பு! கருவியில் 'சரியல்ல' என்பதை அழுத்த விரலைக் கொண்டுபோனாள். ஓர் ஆள் குறைந்தாலும் குறைந்ததுதான். நாளைக்கு ஒன்று, நாளை மறுநாள் இரண்டு என்று குறைந்தால் வளரி ஒருநாள் திரும்பிப் பார்க்காமல் எங்கே போகும்? கிடங்கில் இறங்குகிறவர்களை எண்ணாவிட்டால் வேலை போகும். போகட்டும், தான் இந்த பஸ்ஸில் ஏறப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

ஜன்னல் தட்டும் சத்தம் கேட்டது. மோனிஷா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் தன் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். இத்தனை நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பெண்ணுக்கு இப்போது முகம் கோணிக்கொண்டு அழுகை வந்துகொண்டிருந்தது. யாரும் பார்க்காமல் இருக்கத் துப்பட்டாவால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"சித்தி" என்றாள். "எனக்குத் தனியாப் போவ பயமா கீது. வா சித்தி."

சுகுணா கருவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். மோனிஷா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். கதவு மூடியது. நிறுத்தத்தின் பலகை அடுத்த பஸ்ஸுக்கான எண்ணைக் காட்டியது.